குக்கி ஷினோபு: ஹீலரை வைத்தே அதிக டேமேஜ் எடுப்பது எப்படி?

ஜென்ஷின் இம்பாக்ட் என்ற வீடியோ கேமில் எலக்ட்ரோ (மின்) ஹீலரான குக்கி ஷினோபு கையில் கிடைத்ததும் பலரும் ஒரே மாதிரிதான் தயார் செய்கிறார்கள். ஹீலர்தானே என்று மெயின் ஸ்டாட் மாறக்கூடிய மூன்று ஆர்ட்டிஃபாக்ட்டிலும் (அணியும் துண்டுகள்) ஹெச்.பி. (உயிர் அளவு) போடுகிறார்கள், லெவல் 60 அல்லது 70 வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். டீம் உயிரோடு இருக்கும், எதிரிதான் சாகமாட்டான். அதே குக்கியைச் சரியாகக் கட்டினால் களத்தில் நிற்காமலேயே டீமின் பெரும்பங்கு டேமேஜை அவளே கொடுப்பாள், ஹீலிங்கும் குறையாது. இதற்கு 5 நட்சத்திர ஆயுதம் வேண்டாம், பணம் செலவழிக்க வேண்டாம். ரெசினை (பரிசுப் பொருள் எடுக்கச் செலவாகி, நேரத்தோடு தானாக ஊறுவது) எந்த வரிசையில் செலவழிக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

கீழே சொல்வது ஹைப்பர்ப்ளூம் டீமுக்கான குக்கி பற்றி மட்டும்.

1. டேமேஜ் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள்

டெண்ட்ரோவும் (தாவரம்) ஹைட்ரோவும் (நீர்) ஒரு எதிரி மேல் சேர்ந்தால் தரையில் பச்சை நிற கோர் ஒன்று விழும். அந்தக் கோரில் எலக்ட்ரோ பட்டால் அது அம்பு மாதிரி எழுந்து எதிரியைத் தேடிப்போய் அடிக்கும். இதுதான் ஹைப்பர்ப்ளூம். கோரை உருவாக்கியது யார் என்பதை ஆட்டம் பார்ப்பதில்லை. அதன் மேல் எலக்ட்ரோவைத் தொட்டவருடைய லெவலையும் எலிமென்டல் மாஸ்டரியையும் வைத்துத்தான் டேமேஜ் கணக்காகிறது. எலிமென்ட்கள் சேர்ந்து உண்டாகும் விளைவுகளை வலுவாக்கும் இந்த எலிமென்டல் மாஸ்டரியை இனி ஈ.எம். என்றே சொல்கிறேன்.

கணக்கு இது:

லெவல் மதிப்பு × 3 × (1 + 16 × ஈ.எம். ÷ (ஈ.எம். + 2000) + செட் போனஸ்) × எதிரியின் டெண்ட்ரோ தடுப்பு

லெவல் மதிப்பு லெவல் 70-இல் சுமார் 766, 80-இல் 1,077, 90-இல் 1,447. சாதாரண எதிரிகளுக்கு டெண்ட்ரோ தடுப்பு 10 சதவீதம். அதாவது கடைசியில் 0.9-ஆல் பெருக்குங்கள்.

இந்தக் கணக்கில் எவையெல்லாம் இல்லை என்பதைக் கவனியுங்கள். அட்டாக் இல்லை, கிரிட் ரேட் இல்லை, கிரிட் டேமேஜ் இல்லை, எலக்ட்ரோ டேமேஜ் போனஸ் இல்லை, டேலன்ட் லெவலும் இல்லை. எதிரியின் டிஃபென்ஸுக்கும் இதில் இடமில்லை. குக்கிக்கு எலக்ட்ரோ டேமேஜ் போனஸ் உள்ள காப்லெட் (ஆர்ட்டிஃபாக்ட்டில் ஒரு வகை) தேடி ரெசின் கொட்டுகிறவர்கள் இந்த ஒரு வரியைப் பார்த்திருந்தால் அதைத் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

ஹெச்.பி. பில்ட் போட்ட லெவல் 90 குக்கியின் ஈ.எம். கிட்டத்தட்ட பூஜ்யம். அவளுடைய ஒவ்வொரு கோரும் சுமார் 3,900 அடிக்கும். ஈ.எம். 1,005 உள்ள அதே குக்கி சுமார் 24,800 அடிப்பாள்.

ஹீலிங் போய்விடுமே என்ற பயம் வேண்டாம். குக்கியின் ஸ்கில், எலக்ட்ரோவும் ஹீலிங்கும் தரும் ஒரு வளையத்தை உருவாக்குகிறது. நான்காவது அசென்ஷனில் (லெவல் வரம்பை உயர்த்தும் படி) திறக்கும் பாசிவ் (தானாக வேலை செய்யும் திறன்), அவளுடைய ஈ.எம்.மில் 75 சதவீதத்தை அந்த ஹீலிங்கோடு கூட்டுகிறது. ஈ.எம். 1,000 இருந்தால் ஒவ்வொரு 1.5 நொடிக்கும் 750 ஹெச்.பி. கூடுதல். அதனால்தான் அவள் இந்த வேலைக்கு இவ்வளவு பொருந்துகிறாள்.

2. ஆர்ட்டிஃபாக்ட்டுக்கு முன்னால் லெவல்

புதியவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இதுதான். சப்போர்ட்டுக்கு லெவல் எதற்கு என்ற பழக்கம் மற்ற டீம்களிலிருந்து வந்தது, இங்கே அது செல்லாது. ஒரே ஆர்ட்டிஃபாக்ட், ஒரே வாள், ஈ.எம். 925, ஃப்ளவர் ஆஃப் பாரடைஸ் லாஸ்ட் என்ற ஆர்ட்டிஃபாக்ட் செட் முழு ஸ்டாக்கில் (போனஸ் உச்சத்தில்) இருக்கும்போது ஒரு கோரின் டேமேஜ் இப்படி வரும்:

லெவல் 70: சுமார் 14,200
லெவல் 80: சுமார் 20,000
லெவல் 90: சுமார் 26,800

80-லிருந்து 90-க்கு மட்டும் 34 சதவீத ஏற்றம். எந்த ஆர்ட்டிஃபாக்ட் செட்டை மாற்றினாலும் இதில் பாதிகூடக் கிடைக்காது.

நேரக்கணக்கு அட்வென்ச்சர் ரேங்க்கைப் பொறுத்தது. ரேங்க் 40 வந்தால்தான் லெவல் 80 வரை ஏற்றலாம், 90 வரை ஏற்ற ரேங்க் 50 வேண்டும். அதற்கு முன்பே பொருள் சேர்த்து வையுங்கள்.

முழு அசென்ஷனுக்குத் தேவையானவை:

- ரூனிக் ஃபேங் 46. த கேஸம் நிலத்தடியில் இருக்கும் ரூயின் சர்ப்பென்ட் கொடுப்பது. ஒரு முறைக்கு 40 ரெசின், கிடைப்பது 2 அல்லது 3.
- நாக்கு வீட் 168. இனாஸுமாவில் மட்டும் வளரும், பறித்த இடத்தில் மறுபடி முளைக்க 2 நாள் ஆகும்.
- ஸ்பெக்டர்கள் தரும் ஹஸ்க் 18, ஹார்ட் 30, நியூக்ளியஸ் 36.
- வஜ்ரதா அமெதிஸ்ட்: ஸ்லிவர் 1, ஃப்ராக்மென்ட் 9, சங்க் 9, ஜெம்ஸ்டோன் 6.
- மோரா 4 லட்சத்து 20 ஆயிரம்.

இவற்றில் தாமதம் செய்வது நாக்கு வீட்தான். பாஸை ரெசின் இருந்தால் அடித்துக்கொண்டே இருக்கலாம், செடி அப்படி இல்லை. குக்கியைத் தயார் செய்வது என்று முடிவு செய்த அன்றே ஒரு சுற்று பறித்துவிடுங்கள், பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை போங்கள்.

80-லிருந்து 90-க்கு 34 லட்சத்து 23 ஆயிரம் எக்ஸ்.பி. வேண்டும். ஹீரோஸ் விட் புத்தகமாகச் சொன்னால் சுமார் 171, அதோடு மோரா சுமார் 6 லட்சத்து 85 ஆயிரம். வேர்ல்ட் லெவல் உயர்ந்த கணக்கில் ஒரு எக்ஸ்.பி. லே லைன் (ரெசின் கொடுத்து எக்ஸ்.பி. புத்தகம் எடுக்கும் இடம்) சுமார் 1,22,500 தருகிறது. அப்படியென்றால் ஏறத்தாழ 28 லே லைன், 560 ரெசின். ரெசின் 8 நிமிடத்துக்கு ஒன்று, நாளுக்கு 180 ஊறும். ஆக மூன்று நாளும் கொஞ்சமும். மோராவுக்கு இன்னும் 12 லே லைன் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நல்ல காப்லெட் விழுவதற்கு ஆகும் ரெசினோடு ஒப்பிட்டால் இது மலிவு. இதில் அதிர்ஷ்டத்துக்கு வேலையும் இல்லை.

3. வாள்

ஈ.எம். சப் ஸ்டாட் உள்ள எந்த வாளும் போதும். வாளில் எழுதியிருக்கும் பாசிவ் திறன்களில் பெரும்பாலானவை ஹைப்பர்ப்ளூமைத் தொடுவதே இல்லை.

அயர்ன் ஸ்டிங் நீங்களே அடித்துக்கொள்ளக்கூடிய 4 நட்சத்திர வாள். நார்த்லேண்டர் வாள் பில்லெட் 1, கிரிஸ்டல் சங்க் 50, ஒயிட் அயர்ன் சங்க் 50 வேண்டும். லெவல் 90-இல் ஈ.எம். 165. அதை ரிஃபைன் செய்ய (பாசிவை வலுவாக்க) பில்லெட் செலவழிக்காதீர்கள், அதன் பாசிவ் தரும் டேமேஜ் போனஸ் ஹைப்பர்ப்ளூமில் சேராது. ஸைஃபோஸ் மூன்லைட் கையில் இருந்தால் அதுவே மேல். ஈ.எம். அதே 165தான் என்றாலும் டீமுக்கே எனர்ஜி ரீசார்ஜ் தருகிறது. இரண்டும் இல்லாதவர்கள் 3 நட்சத்திர டார்க் அயர்ன் ஸ்வோர்டை மாட்டலாம், அதிலும் லெவல் 90-இல் 141 உண்டு.

5 நட்சத்திர ஃப்ரீடம்-ஸ்வோர்ன் 198 தருகிறது. அயர்ன் ஸ்டிங்கை விட 33 அதிகம், டேமேஜில் பார்த்தால் 2 சதவீதம்கூட வராது. குக்கிக்காக ஆயுத பேனரில் (குலுக்கலில்) ப்ரிமோஜெம் போடாதீர்கள். எந்த வாளாக இருந்தாலும் லெவல் 90 வரை ஏற்றுங்கள், சப் ஸ்டாட் லெவலோடுதான் வளர்கிறது.

4. ஆர்ட்டிஃபாக்ட்: மெயின் ஸ்டாட் முதலில், செட் பிறகு

சாண்ட்ஸ், காப்லெட், சர்க்லெட் மூன்றிலும் ஈ.எம். மெயின் ஸ்டாட். விதிவிலக்கே கிடையாது. 5 நட்சத்திரத்தில் +20 வந்தால் ஒவ்வொன்றும் 186.5, மூன்றும் சேர்ந்து சுமார் 560.

கஷ்டம் எங்கே என்று தெரிந்துகொண்டு ஃபார்ம் செய்யுங்கள். ஈ.எம். மெயின் ஸ்டாட் விழும் வாய்ப்பு சாண்ட்ஸில் 10 சதவீதம், சர்க்லெட்டில் 4 சதவீதம், காப்லெட்டில் 2.5 சதவீதம். நான்கு துண்டு செட்டுக்கு ஐந்தாவது துண்டு எதுவாகவும் இருக்கலாம் என்பதால் அந்த இடத்தைக் காப்லெட்டுக்கு விட்டுவிடுங்கள். எந்த செட்டில் ஈ.எம். காப்லெட் விழுந்தாலும் பூட்டி வையுங்கள். பழைய ஆர்ட்டிஃபாக்ட்டை உணவாகப் போடும்போது அப்படி ஒரு காப்லெட்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் அடுத்தது விழ எத்தனை நாள் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

செட் விஷயத்தில் மூன்று வழி இருக்கிறது. லெவல் 90, ஈ.எம். வாள், மூன்று ஈ.எம். துண்டு, சப் ஸ்டாட்டில் 120 என்று எல்லாவற்றுக்கும் ஒரே அடிப்படை வைத்துச் சொல்கிறேன்.

*இரண்டு + இரண்டு.* வாண்டரர்ஸ் ட்ரூப், இன்ஸ்ட்ரக்டர், கில்டட் ட்ரீம்ஸ், ஃப்ளவர் ஆஃப் பாரடைஸ் லாஸ்ட் நான்கிலும் இரண்டு துண்டுக்கு ஈ.எம். 80. வேறு வேறு செட்டில் இரண்டிரண்டு போட்டால் 160. ஒரு கோர் சுமார் 24,800.

*கில்டட் ட்ரீம்ஸ் நான்கு.* டீமில் குக்கியைத் தவிர மூவரும் வேறு எலிமென்ட் என்றால் கூடுதலாக 150. ஒரு கோர் சுமார் 25,750.

*ஃப்ளவர் ஆஃப் பாரடைஸ் லாஸ்ட் நான்கு.* ஹைப்பர்ப்ளூம் டேமேஜுக்கு 40 சதவீதம், நான்கு ஸ்டாக் ஏறினால் 80 சதவீதம். ஒரு கோர் சுமார் 26,800.

முதல் வழிக்கும் கடைசி வழிக்கும் இடைவெளி 8 சதவீதம்தான். 80 சதவீத போனஸ் என்று எழுத்தில் பார்க்கும்போது பிரமாதமாகத் தெரியும். ஆனால் அது ஈ.எம். ஏற்கனவே கொடுத்த 500 சதவீதத்தோடு கூட்டப்படுகிறது, பெருக்கப்படுவதில்லை. ஆகவே இரண்டு + இரண்டோடு தொடங்குங்கள். கில்டட் ட்ரீம்ஸ் விழும் ஸ்பையர் ஆஃப் சாலிட்டரி என்லைட்டன்மென்ட் டொமைனில்தான் (ரெசின் கொடுத்து ஆர்ட்டிஃபாக்ட் எடுக்கும் இடம்) டீப்வுட் மெமரீஸ் செட்டும் விழுகிறது, அது உங்கள் டெண்ட்ரோ கதாபாத்திரத்துக்குக் கட்டாயம் வேண்டும். ஒரே ரெசினில் இரண்டு பேருக்கும் வேலை நடக்கும். எனக்கு ஒரு டொமைன்தான் ஓட முடியும் என்று கேட்பவருக்கு நான் சொல்வது இதையே. சிட்டி ஆஃப் கோல்ட் டொமைனை எல்லாம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஃப்ளவரிலும் ஃபெதரிலும் மெயின் ஸ்டாட் மாறாது. அந்த இரண்டு இடத்தில் 4 நட்சத்திர இன்ஸ்ட்ரக்டர் போட்டாலும் இழப்பு சப் ஸ்டாட்டில் மட்டும். செலவில்லாமல் 80 வாங்க இதைவிட எளிய வழி இல்லை. சாண்ட்ஸ், காப்லெட், சர்க்லெட்டை மட்டும் 5 நட்சத்திரமாக வையுங்கள். 4 நட்சத்திரத்தில் மெயின் ஸ்டாட் 139-ஓடு நின்றுவிடும்.

ஒரு 5 நட்சத்திரத் துண்டை +20 ஆக்க சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம் மோரா ஆகும். முதலில் அந்த மூன்றை மட்டும் முழுக்க ஏற்றுங்கள். ஃப்ளவர், ஃபெதரில் ஈ.எம். சப் ஸ்டாட் இல்லையென்றால் +4-க்கு மேல் ஏற்றிப் பயனில்லை.

அட்வென்ச்சர் ரேங்க் 45-க்கு முன்னால் எந்த ஆர்ட்டிஃபாக்ட் டொமைனிலும் ரெசின் போடாதீர்கள். 45-லிருந்துதான் ஒவ்வொரு ஓட்டத்திலும் 5 நட்சத்திரம் உறுதி.

5. டீம்: எலக்ட்ரோ ஒருவர், அவ்வளவுதான்

கோரில் யாருடைய எலக்ட்ரோ முதலில் படுகிறதோ அவருடைய லெவலும் ஈ.எம்.மும்தான் கணக்கில் வரும். குக்கிக்கு ஈ.எம். 1,000 வைத்துவிட்டு டீமில் கிரிட் பில்ட் போட்ட இன்னொரு எலக்ட்ரோவான ஃபிஷலைச் சேர்த்தால், அவளுடைய பறவை கோர்களில் ஒரு பகுதியைத் தட்டிவிடும். அந்தக் கோர்கள் எல்லாம் நாலைந்தாயிரத்தில் வெடிக்கும். "ஒரு தடவை 26 ஆயிரம், ஒரு தடவை 5 ஆயிரம் வருது" என்று சொல்பவர்களின் டீமைத் திறந்து பார்த்தால் இரண்டாவது எலக்ட்ரோ இருக்கும்.

பைரோவும் (நெருப்பு) ஆகாது. கோரில் நெருப்பு பட்டால் அது பர்ஜன் ஆகிவிடும், எதிரியைத் தேடிப் போகாது, கணக்கும் பைரோக்காரர் பேரில் போய்விடும். அட்டாக் ஏற்றுவான் என்று பென்னட்டைச் சேர்ப்பது இரட்டை நஷ்டம், குக்கிக்கு அட்டாக் தேவையே இல்லை.

மற்ற மூன்று இடங்களில் ஒன்று டெண்ட்ரோவுக்கு. நஹீதா இருந்தால் அவள், இல்லையென்றால் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும் டெண்ட்ரோ டிராவலர். யாராக இருந்தாலும் டீப்வுட் மெமரீஸ் நான்கு துண்டு மாட்டுங்கள். அது எதிரியின் டெண்ட்ரோ தடுப்பை 30 சதவீதம் குறைக்கிறது, 10 என்பது மைனஸ் 20 ஆகிறது. குக்கியின் ஒவ்வொரு கோரும் 22 சதவீதம் ஏறும், 26,800 என்பது 32,700-ஐத் தாண்டும். குக்கியின் சொந்த செட்டை விட டெண்ட்ரோக்காரரின் இந்த செட்தான் அவளுக்கு அதிகம் தருகிறது.

இன்னொரு இடம் ஹைட்ரோவுக்கு. ஷிங்ச்சியூ அல்லது யெலான். நான்காவது இடத்துக்கு இரண்டாவது டெண்ட்ரோ வந்தால் ரெசொனன்ஸ் (ஒரே எலிமென்ட் இருவர் இருந்தால் கிடைக்கும் ஊக்கம்) மூலம் டீமில் எல்லோருக்கும் ஈ.எம். 50, ரியாக்‌ஷன் நடக்க நடக்க இன்னொரு 50 வரை. குக்கிக்கு ஏறத்தாழ 5 சதவீதம் ஏறும்.

களத்தில் நிற்பவருக்கு மட்டும் கிடைக்கும் ஈ.எம். ஊக்கங்கள் குக்கிக்கு எட்டாது, அவள் வெளியே இருக்கிறாள். நஹீதாவின் பர்ஸ்ட் (எனர்ஜி நிறைந்தால் போடும் பெரிய திறன்) தரும் ஈ.எம். அந்த வகை. திறன் விளக்கத்தைப் படிக்கும்போது ஊக்கம் யாருக்கு என்று ஒருமுறை சரிபாருங்கள்.

6. சண்டையில் வரிசை

டெண்ட்ரோ ஸ்கில், பர்ஸ்ட். பிறகு ஹைட்ரோ ஸ்கில், பர்ஸ்ட். கடைசியாகக் குக்கியின் ஸ்கில். பிறகு களத்தில் நிற்க வேண்டியவரை எடுத்து சாதாரண அடி. ஷிங்ச்சியூவின் மழைவாள் சாதாரண அடி அடித்தால்தான் விழும், சும்மா ஓடிக்கொண்டிருந்தால் ஹைட்ரோ வராது, கோரும் வராது.

குக்கியைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. அவளுடைய வளையம் 12 நொடிதான் நிற்கும், மறுபடி போட 15 நொடி ஆகும். கோரே இல்லாத முதல் நொடிகளில் வளையத்தைச் சுற்றவிட்டால் அந்த நேரம் வீண். இரண்டாவது கான்ஸ்டலேஷன் (அதே கதாபாத்திரம் மறுபடி கிடைத்தால் திறக்கும் மேம்பாடு) வந்தால் வளையம் 15 நொடி ஆகி இடைவெளி அடைபடும். மற்ற கான்ஸ்டலேஷன்களுக்காக அவளைத் துரத்த வேண்டாம்.

வளையம் களத்தில் இருப்பவரைச் சுற்றியே நகரும், அதன் எல்லையும் சிறியது. கோர் எதிரியின் காலடியில் விழுகிறது. வில்லாளரை நிறுத்தித் தூரத்திலிருந்து அடித்தால் வளையம் கோரைத் தொடாது. கைக்கெட்டும் தூரத்தில் நில்லுங்கள்.

ஸ்கில் போடும்போது குக்கி தன் ஹெச்.பி.யில் 30 சதவீதத்தை இழக்கிறாள். அது அவளை 20 சதவீதத்துக்குக் கீழே கொண்டுபோகாது, ஆனால் அந்த நிலையில் அவளைக் களத்தில் விட்டால் அடுத்த அடியில் போய்விடுவாள். போட்டதும் மாற்றிவிடுங்கள். ஹைப்பர்ப்ளூம் வெடிக்கும் இடத்துக்குள் நீங்கள் இருந்தால் அதில் 5 சதவீதம் உங்கள் மேலும் படும். வளையத்தின் ஹீலிங் பெரும்பாலும் அதைச் சமாளித்துவிடும்.

களத்தில் ஒரே நேரத்தில் 5 கோர்தான் இருக்க முடியும், ஆறாவது வந்தால் பழையது தானாக வெடித்துவிடும். அது சாதாரண ப்ளூம், டேமேஜ் குறைவு. ஒரே எதிரியை அரை நொடிக்குள் இரண்டு ஹைப்பர்ப்ளூமுக்கு மேல் காயப்படுத்தாது. அதனால் இன்னும் வேகமாக எலக்ட்ரோ போட்டால் நல்லது என்று நினைக்க வேண்டாம். 1.5 நொடிக்கு ஒன்று என்ற குக்கியின் வேகமே பொருத்தம்.

7. சரியாக வந்திருக்கிறதா என்று சோதிப்பது

டெண்ட்ரோ ஸ்லைம் போன்ற டெண்ட்ரோ தாங்கும் எதிரிகளை விட்டு, சாதாரண ஹிலிச்சர்ல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். டீப்வுட் செட்டைக் கழற்றிவிட்டு வரிசையை ஓட்டிப் பச்சை எண்ணைப் பாருங்கள். மேலே கொடுத்த கணக்கில் உங்கள் லெவலையும் ஈ.எம்.மையும் போட்டு வருவதோடு ஒப்பிடுங்கள். கில்டட் ட்ரீம்ஸ் ஊக்கம் சண்டை தொடங்கிய பிறகுதான் சேரும், கதாபாத்திரத் திரையில் தெரியாது. அதை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

எண் பாதிக்கும் கீழே வந்தால் இரண்டாவது எலக்ட்ரோ யாராவது தொடுகிறார்களா என்று பாருங்கள். எண் சரியாக இருந்தும் எப்போதாவதுதான் வருகிறது, திரையில் எலக்ட்ரோ-சார்ஜ்டு என்ற எழுத்து அடிக்கடி மின்னுகிறது என்றால் டெண்ட்ரோ போதவில்லை. டெண்ட்ரோக்காரரின் எனர்ஜி ரீசார்ஜை ஏற்றுங்கள், அல்லது நான்காவது இடத்தில் இரண்டாவது டெண்ட்ரோவை வையுங்கள். கோர்கள் விழுந்து வெடிக்காமலே கிடந்தால் நீங்கள் தள்ளி நிற்கிறீர்கள், அல்லது வளையம் முடிந்துவிட்டது.

எல்லாம் சரியாக வந்து, லெவல் 90-இல் ஈ.எம். 900-ஐத் தாண்டிவிட்டதென்றால் குக்கிக்கு ரெசின் போடுவதை நிறுத்துங்கள். ஈ.எம். ஏற ஏற பலன் குறைகிறது: முதல் 500 அடிப்படை டேமேஜின் 320 சதவீதத்தைக் கூட்டும், அடுத்த 500 கூட்டுவது 213 சதவீதம். அடுத்த வார ரெசின் டெண்ட்ரோக்காரரின் டீப்வுட்டுக்கும் ஷிங்ச்சியூவின் எனர்ஜி ரீசார்ஜுக்கும் போகட்டும்.